நாலு பேர் கூடிப் பேசியும் வெளிவராத விஷயம்

பிரச்சினை என்று வந்தால் இரு அணியாகப் பிரிந்து வாதிடுவது நல்லதா, சேர்ந்து உட்கார்ந்து பேசுவது நல்லதா? அடிக்கடி வரும் கேள்விதான்.

விவாதத்தில் யார் எந்தப் பக்கம் என்பது பேச ஆரம்பிக்கும் முன்பே முடிவாகிவிடும். எதிரணி சொல்வது சரியென்று பட்டாலும் ஒப்புக்கொள்ள வழியில்லை. மனம் மாற வேண்டியவர் நடுவர். கலந்துரையாடலில் பேசுகிறவரே மாறலாம். அதனால் கலந்துரையாடலே மேல் என்று தோன்றும். அதற்குள்தான் அழகான ஒரு பொறி இருக்கிறது.

1985-இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், மாணவர்களை நால்வர் குழுக்களாக உட்காரவைத்து, மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று கற்பனை வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சிறந்தவர் ஒருவர்தான். ஆனால் சில குழுக்களில் அவருடைய நிறைகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நால்வரும் படித்ததைக் கொட்டியிருந்தால் படம் முழுமையாகியிருக்கும். அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை அவரைத் தவறவிட்டன.

காரணம் பள்ளிக்கூடத்து நிகழ்தகவுதான். அடுக்குமாடியில் தண்ணீர்ப் பஞ்சம், நால்வர் கூடுகிறார்கள் என்று வையுங்கள். லாரித் தண்ணீரின் விலை எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குப் போகும் குழாய் கசிவது கீழ்வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரியும். தெரிந்த ஒன்றை ஒருவர் ஞாபகம் வைத்துச் சொல்ல 30% வாய்ப்பு என்று கொள்வோம். கசிவு பேச்சில் வர வாய்ப்பு அதே 30%. லாரி விலையை நால்வருமே சொல்லாமல் விட 0.7 × 0.7 × 0.7 × 0.7, அதாவது சுமார் 24%. ஆக அது வர 76%. யாரும் எதையும் ஒளிக்கவில்லை, யாரும் முட்டாளில்லை, ஆனாலும் கசிவு தோற்கிறது! ஆறு பேராக்கினால் லாரி 88%-க்கு ஏறும். கசிவு 30%-இலேயே நிற்கும். சிக்கல் பெரிதென்றால் கமிட்டியையும் பெரிதாக்கும் நம் அரசு வழக்கம் எனக்கு வேடிக்கையாகப் படுவது இதனால்தான். போதாக்குறைக்கு, லாரி விலையைச் சொன்னவுடன் மூன்று தலைகள் ஆடும், கசிவைச் சொன்னால் "அப்படியா?" என்பதோடு சரி.

சரிசெய்வது எளிது. வாய் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அவரவர் தெரிந்ததைத் தனியே எழுத வேண்டும். முதல் சுற்றில் எழுதியதை வாசிக்கலாம், "என் ஓட்டு இதற்கு" என்று சொல்லக்கூடாது. தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்ற சீட்டுகள் பையிலேயே தங்கிவிடும்.

எல்லாத் தகவலும் மேஜைக்கு வந்த பிறகு வாதம் அற்புதமாக வேலை செய்யும். நான்கு அட்டைகளை வைத்துக் கேட்கும் பிரபலமான தர்க்கப் புதிர் ஒன்று உண்டு. 1998-இல் மோஷ்மன், கீல் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் தனியாக முயன்ற கல்லூரி மாணவர்களில் 9% பேரே சரியாகச் செய்தார்கள். ஐந்தாறு பேராகச் சேர்ந்து வாதாடிய குழுக்களில் 75%.

ஆனால் "நீங்கள் சும்மா எதிர்த்துப் பேசுங்கள்" என்று ஒருவருக்கு வேஷம் கட்டிவிடுவதில் அவ்வளவு பலனில்லை. 2001-இல் நெமெத் என்ற உளவியலாளரின் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டபோது, வேஷம் கட்டியவர் இருந்த குழுக்களைவிட உண்மையாகவே உடன்படாத ஒருவர் இருந்த குழுக்களில்தான் கூடுதலான, தரமான யோசனைகள் பிறந்தன. கூட்டத்துக்கு ஆள் கூப்பிடும்போது கீழ்வீட்டுக்காரரையும், லாரியே வேண்டாம் என்று முணுமுணுப்பவரையும் விட்டுவிடாதீர்கள்.