வலி போன பிறகும் தோள் நழுவும்

"மாமா, இப்ப வலியே இல்ல. அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"

அக்கா மகன் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே கேட்டான். வயது 19. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், செம்பனைக்கு நடுவே இருக்கும் தோட்டத்துத் திடலில் கபடி ஆடி வளர்ந்தவன். சில வாரங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில், பக்கத்தில் நின்றவனோடு கைகோத்துச் சங்கிலி போட்டிருந்தான். பாடி வந்தவன் அந்தச் சங்கிலியைப் பிய்த்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். இவன் கை பக்கவாட்டில் விரிந்து பின்னால் முறுக்கிக்கொள்ள, தோள் கழன்றுவிட்டது. இது இரண்டாம் முறை.

முதல் முறை கழன்றபோது திடலிலேயே ஒருவர் இழுத்துப் போட்டுவிட்டார். தோட்டத்தில் சுளுக்கு வழிப்பவர்கள் மீது நமக்கு நம்பிக்கை அதிகம். சுளுக்குக்கு அது சரி. கழன்ற தோளை மட்டும் எக்ஸ்ரே எடுக்காமல் இழுக்க விடாதீர்கள். எலும்பு உடைந்திருக்கலாம். தோளின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தால், அங்கே ஓடும் நரம்பும் அடிபட்டிருக்கலாம்.

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே, தோள்மூட்டு கிட்டத்தட்ட அப்படித்தான். மேல்கை எலும்பின் தலை உருண்டையாகப் பெரிது. அது உட்காரும் குழியோ ஆழமில்லாதது. எந்த நேரத்திலும் அந்த உருண்டையில் மூன்றில் ஒரு பங்குகூடக் குழியைத் தொடுவதில்லை. அதனால்தான் கை இவ்வளவு சுதந்திரமாகச் சுழல்கிறது, கழல்வதும் அதனால்தான். குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்தெலும்பு வளையம் ஒன்று கரைபோல நின்று அதை ஆழமாக்குகிறது. அந்த வளையத்திலிருந்து கிளம்பும் தசைநார்கள் பந்தைக் கட்டிப் பிடிக்கின்றன. சுற்றியுள்ள நான்கு தசைகள் பந்தைக் குழிக்குள் அழுத்தி வைக்கின்றன.

கை விரிந்து பின்னால் முறுக்கும்போது பந்து முன்பக்கமாகப் பாய்கிறது. பெரும்பாலான தோள்கள் கழல்வது இந்தத் திசையில்தான். போகிற போக்கில் குழியின் முன்-கீழ் விளிம்பிலிருந்து லேப்ரத்தைப் பிய்த்துவிடும். 1923இல் இதை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் பெயரால் இதைப் பாங்கார்ட் காயம் என்கிறார்கள். பந்தின் பின்பக்கமும் குழியின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழலாம். அதற்கு ஹில்-சாக்ஸ் பள்ளம் என்று பெயர்.

இங்கேதான் வலி நம்மை ஏமாற்றுகிறது. வீக்கம் வடிந்ததும் வலி போய்விடும். பிய்ந்த வளையமோ பல சமயம் பழைய இடத்தில் ஒட்டுவதில்லை. கொஞ்சம் கீழே இறங்கித் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கரை உடைந்த குளம் மாதிரிதான் இருக்கும் அந்தத் தோள். 20 வயதுக்குள் முதல் முறை கழன்று, மோதி ஆடும் விளையாட்டைத் தொடர்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் மறுபடி கழல்கிறது. 40 வயதுக்கு மேல் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஈப்போ மருத்துவர் அவனைப் படுக்க வைத்து, முழங்கையை மடக்கி, கையைப் பக்கவாட்டில் விரித்து மெல்லப் பின்னால் திருப்பினார். பாதி வழியில் அவன் முகம் மாறியது. இடக்கை தானாக வந்து மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வலிக்குதா தம்பி?"

"இல்ல டாக்டர்... கழண்டுடும்போல இருக்கு."

தோள் இன்னும் உறுதியாக இல்லை என்பதற்கு அந்தப் பயம்தான் அவர் தேடிய அறிகுறி.

இதற்கு நேர் எதிர், அவன் அப்பா. என் அத்தானுக்கு 47 வயது. பகலில் நீளக் கம்பில் மாட்டிய அரிவாளால் செம்பனைக் குலை வெட்டுகிறார்; மாலையில் பேட்மிண்டன். தோளில் ராத்திரித் தூக்கம் போகிற அளவுக்கு வலி. அவர்தான் ஆபரேஷன் கேட்டார். அந்த வலிக்குத் தோள்பட்டை எலும்பின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவிவிடுவது வெகுகாலமாக வழக்கம். 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, அப்படிச் சீவியவர்களையும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. இருவருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்கேனில் தசைநார்க் கிழிசல் என்று எழுதியிருந்தாலே பயப்படவும் வேண்டாம். டென்னிஸ், பேஸ்பால் வீரர்கள் 20 பேரின், வலியே இல்லாத தோள்களை ஸ்கேன் செய்த ஆய்வு 2003இல் வந்தது. அடிக்கிற கைத் தோளில் 8 பேருக்குத் தசைநார்க் கிழிசல் தெரிந்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் யாருக்கும் தொல்லையில்லை. அத்தான் பிசியோதெரபிக்குப் போகிறார்.

மகன் விடவில்லை. மாநிலக் குழுத் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. அதை ஆடிவிட்டு அப்புறம் பார்க்கலாமே என்றான். ஆடவே முடியாது என்பதில்லை. அமெரிக்க ராணுவக் கல்லூரி வீரர்கள் 45 பேரை, தோள் கழன்ற அதே சீசனில் கவனித்தார்கள். 33 பேர் களத்துக்குத் திரும்பினார்கள், பெரும்பாலோர் சில நாட்களிலேயே. மறுபடி நழுவாமல் சீசனை முடித்தவர்கள் 12 பேர்தான்.

நழுவினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் தப்புக்கணக்கு. ஒவ்வொரு நழுவலும் குழியின் முன்விளிம்பைத் தேய்க்கிறது, பள்ளத்தைப் பெரிதாக்குகிறது. மகனுக்குச் சொன்ன ஆபரேஷன், பிய்ந்த லேப்ரத்தை நுண்துளை வழியே மறுபடி தைப்பது. அப்படித் தைத்தால் தாங்குமா என்று பார்க்க, பால்க், புவாலோ என்ற இரு மருத்துவர்கள் 2007இல் 10 மதிப்பெண் கணக்கு ஒன்றைத் தந்தார்கள். 20 வயது அல்லது அதற்குக் கீழ் என்றால் 2. போட்டிகளில் ஆடுபவர் என்றால் 2. மோதி ஆடும் விளையாட்டுக்கு 1. இயல்பிலேயே மூட்டு தளர்வாக இருந்தால் 1. கையை வெளிப்பக்கம் திருப்பி எடுத்த எக்ஸ்ரேயில் பள்ளம் தெரிந்தால் 2. குழியின் விளிம்பு மழுங்கியிருந்தால் 2. மொத்தம் 6க்குள் இருந்தால், தைத்த பிறகும் கழலும் வாய்ப்பு 10 சதவீதம் என்று கண்டார்கள். 6ஐத் தாண்டினால் 70. வரம்பை இன்னும் கீழே வைக்கச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பையனுக்கு 5. மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்து, பந்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "இங்க பள்ளம் தெரிய ஆரம்பிச்சா 7 ஆயிடும் தம்பி." அப்போது தைப்பது போதாது. தோள்பட்டையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி எலும்பைத் தசைநாரோடு வெட்டி, குழியின் முன்விளிம்பில் ஸ்குரு போட்டு முடுக்கும் லாட்டர்ஜே முறைக்குப் போக வேண்டியிருக்கும். உறுதியான சிகிச்சைதான், ஆனால் பெரிய வேலை, பக்கத்தில் நரம்புகள் வேறு.

அவன் ரொம்ப நேரம் அந்த விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தேர்வு அடுத்த வருஷமும் வரும்ல மாமா?" என்று கேட்டான்.

தைத்து மூன்று வாரம் ஆகிறது. கையைக் கழுத்தில் தொங்கவிட்ட கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்கும். அப்புறம் பிசியோதெரபி, சங்கிலி போட்டு நிற்க எப்படியும் ஆறு மாதம் ஆகும். வலக்கை கட்டுக்குள் இருப்பதால் சோற்றை இடக்கையில் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறான். ரசம் சோறு என்றால் மட்டும் அக்கா பிசைந்து ஊட்டிவிடுகிறாள்.