பூட்டிய திரைக்குப் பின்னால் திறந்திருக்கும் முனையம்

கணினி நிர்வாகப் பணியில் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பொறுமை குறைந்துவிடுகிறது. சென்ற வாரம் வந்த முறையீடும் அத்தகையதே. லினக்ஸ் கணினியின் வரைகலைத் திரை உறைந்துபோனதால், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்து முனையத்துக்குச் சென்ற ஒருவர், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக உள்நுழைந்து சிக்கலைத் தீர்த்துவிட்டு, வெளியேறாமலேயே வரைகலைத் திரைக்குத் திரும்பியிருக்கிறார். மாலையில் திரையைப் பூட்டிச் சென்றவர், மறுநாள் கோப்புகள் மாறியிருப்பதைக் கண்டு, திரைப்பூட்டை யாரோ உடைத்துவிட்டதாக என்னிடம் வந்தார். யாரும் எதையும் உடைக்கவில்லை. அதே மூன்று விசைகளை அழுத்தியவருக்கு ரூட் முனையம் கடவுச்சொல் கேட்காமல் திறந்திருந்தது.

"பூட்டிவிட்டுத்தானே போனேன்?" என்று அவரும் கேட்டார். பூட்டப்பட்டது எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே விசைப்பலகைக்கும் ஒரே திரைக்கும் பின்னால் 63 மெய்நிகர் முனையங்கள் வரை லினக்ஸின் மையக்கருவான கெர்னலால் வைத்திருக்க முடியும். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில், அவற்றுள் முதல் 6 முனையங்களில் உள்நுழைவுக் கேள்வி தேவைக்கேற்பத் தோன்றும்படி அதன் உள்நுழைவு மேலாளரான லாகின்டி பார்த்துக்கொள்கிறது. வரைகலைத் திரையைக் காட்டும் எக்ஸ் சர்வர் இவற்றுள் ஒன்றில் குடியிருக்கும் வாடகைதாரர் மட்டுமே. வேறு முனையத்துக்கு மாறச் சொன்னால், திரையையும் உள்ளீட்டுக் கருவிகளையும் விட்டுக்கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். திரைப்பூட்டோ அந்த எக்ஸ் சர்வரிலும் ஒரு சாதாரணக் கிளையன்ட், அதாவது அதன் சேவையைப் பெறும் நிரல்களுள் ஒன்று. விசைப்பலகையையும் சுட்டியையும் தன் பிடியில் வைத்துக்கொண்டு, திரை முழுவதும் ஒரு சாளரத்தை விரித்து நிற்பதே அதன் வேலை. பக்கத்து முனையத்தில் யார் உள்நுழைந்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய கடமையும் இல்லை.

அந்தப் பிடி எவ்வளவு மெல்லியது என்பதற்கு எக்ஸ் சர்வரில் 2012-இல் வெளிவந்த குறையே சான்று. பிழைதேடுவோருக்கான ஒரு வசதி இயல்பாகவே இயக்கத்தில் விடப்பட்டிருந்ததால், கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எண் திட்டின் பெருக்கல் விசையை அழுத்தினாலே பூட்டு விலகிக்கொண்டது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டில் திரைப்பூட்டுக்கெனத் தனி நெறிமுறை இருக்கிறது. அதைப் பின்பற்றும் சூழலில், பூட்டு நிரல் செயலிழந்தாலும் திரை திறக்காது. ஆனால் வேலண்டுக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி கொள்பவர்களும், எஃப்3 முனையத்தில் திறந்து வைத்த ரூட் அமர்வை வேலண்ட் வந்து மூடும் என எதிர்பார்க்கக் கூடாது.

எழுத்து முனையத்தில் உள்நுழைந்து, ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையால் வரைகலையைத் தொடங்குவோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் உள்நுழைந்த ஷெல், அதாவது கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரல், பின்னால் உயிரோடு இருக்கிறது. எக்ஸ் சர்வர் எக்காரணத்தால் வீழ்ந்தாலும், பூட்டும் அதனோடு போய், உள்நுழைந்த நிலையிலேயே ஷெல் எதிரே நிற்கும். கட்டளைக்கு முன் எக்ஸெக் என்று சேர்த்தால் ஷெல்லின் இடத்தையே அது எடுத்துக்கொள்வதால், சர்வர் வீழும்போது அமர்வும் முடிந்துவிடும். கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் விசைகளால் சர்வரைக் கொல்லும் வசதி இயல்பாக முடக்கப்பட்டே வருகிறது. பழைய பழக்கத்தால் அதைத் தேடிப்பிடித்து மீண்டும் இயக்குவோரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முனையத்தில் வேலை முடிந்ததும் எக்ஸிட் கொடுத்து வெளியேறிவிட்டுத்தான் வரைகலைக்குத் திரும்ப வேண்டும். இதற்கு விலக்கு கிடையாது. சந்தேகமிருந்தால் லாகின்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், திறந்திருக்கும் அமர்வுகள் வரிசையாகத் தெரியும். முனையம் மாறுவதையே தடுக்கும் அமைப்பு எக்ஸ் சர்வரில் உண்டு என்றாலும், திரை உறைந்தால் புகலிடமாக இருப்பதும் அதே முனையம்தான் என்பதால், பொது இடத்தில் வைக்கும் கணினிகளுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைக்கிறேன். மறதிக்காரர்கள், தயவுசெய்து, பாஷ் ஷெல்லில் டிஎம்அவுட் மாறிக்கு 300 என மதிப்புக் கொடுங்கள். உள்ளீடு இல்லாமல் 5 நிமிடம் கழிந்தால் ஷெல் தானே மூடிக்கொள்ளும். விம் போன்ற உரைத் தொகுப்பானைத் திறந்துவைத்துப் போனால் அந்தக் கணக்கு ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.