மேடையில் உயர்ந்த கை

ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்குக்கு 2005 மே மாதம், 36 வயதில், மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து 2006 நவம்பரில் சிட்னி மேடையில் மறுபடி பாடினார். அவர் கதையைச் சொல்லி, "மனவுறுதி இருந்தால் போதும்" என்று நோயாளியைத் தேற்றுகிற உறவினர்களே, இதையும் கேளுங்கள். அந்த நிகழ்ச்சிக்காக நடன அசைவுகள் மாற்றப்பட்டன, இடைவேளைகள் நீட்டப்பட்டன. ஒன்றரை வருடம் கழித்தும் உடம்புக்கு ஏற்றபடிதான் ஆடினார்.

அப்படித் தேற்றுகிற அதே வாய்தான், "ஆபரேஷன் ஆன பக்கம் கையை அசைக்காதே, தையல் பிரிந்துவிடும், கை வீங்கிவிடும்" என்றும் சொல்கிறது. தவறு. எத்தனை முறை சொன்னாலும் தீரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: தவறு. மூன்று மாதம் கையை விலாவோடு ஒட்டி வைத்துவிட்டு வருகிறவர்களால் தலை சீவ முடிவதில்லை, முதுகில் கொக்கி மாட்ட முடிவதில்லை. அக்குளில் கயிறு போல இழுத்தால் பயந்து இன்னும் மடக்கிக்கொள்கிறார்கள். நீட்ட நீட்டத்தான் அது இளகும். ரேடியேஷனுக்குக் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகும். வீக்கம் பற்றிய பயமா? ஏற்கெனவே கை வீங்கியிருந்தவர்கள் மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கியும் வீக்கம் கூடவில்லை என்று 2009-லேயே ஆய்வு வந்துவிட்டது.

பொதுவாக, ஆபரேஷனுக்கு மறுநாளே விரல்களை மூடித் திறக்கலாம், முழங்கையை மடக்கி நீட்டலாம், தோளை மெல்லச் சுழற்றலாம். காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாய் இருக்கும்வரை கை தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம். குழாயை எடுத்து, சர்ஜன் சரி என்றதும் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மறுநாள் அதைத் தாண்டப் பாருங்கள். 5 முதல் 10 தடவை, நாளுக்கு 3 வேளை. இழுப்பு தெரியலாம், சுரீரென்று வலித்தால் நிறுத்துங்கள். மார்பக மறுசீரமைப்பு செய்தவர்களுக்குக் கணக்கு வேறு, கேட்டுச் செய்யுங்கள். ரேடியேஷன் முடிந்தபிறகும் மாதக்கணக்கில் திசு இறுகும். தயவுசெய்து அப்போது விட்டுவிடாதீர்கள்.

ஆடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். சுற்றி ஆடுவதற்கு முன், பிடிமானம் பக்கத்தில் இருக்க, ஒற்றைக்காலில் நின்று பாருங்கள்.

கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மறுநாள் வரை பார்க்காதீர்கள்.