ஹைப்போபிளேசியா: பற்சிப்பியில் குறைவது அளவா, தரமா?

குழந்தையின் முன்பல்லில் சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைத் திட்டு. பல் வழவழப்பாகத்தான் இருக்கிறது, பள்ளம் எதுவும் இல்லை. இதையும் பலர் 'எனாமல் ஹைப்போபிளேசியா' என்றே சொல்லிவிடுகிறார்கள் (எனாமல் என்பது பல்லின் கடினமான மேலுறை, அதாவது பற்சிப்பி). அது சரியல்ல.

'ஹைப்போ' என்றால் கிரேக்கத்தில் கீழே, குறைவாக. 'பிளாசிஸ்' என்றால் உருக்கொடுத்தல், வார்த்தல். பிளாஸ்டிக் என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். ஆக, ஹைப்போபிளேசியா என்பது உருவாகும்போதே அளவில் குறைந்துபோவது. பல்லில் அது குழியாக, வரிப்பள்ளமாக, சில சமயம் மேற்பரப்பு அடியோடு இல்லாத இடமாகத் தெரியும்.

வெள்ளைத் திட்டுக்குப் பெயர் வேறு: ஹைப்போமினரலைசேஷன். கனத்தில் குறைவிருக்காது, தாதுச்செறிவுதான் போதாது. இந்த வேறுபாடு எனாமல் உருவாகும் முறையிலிருந்தே வருகிறது. அமெலோபிளாஸ்ட் செல்கள் முதலில் புரதச் சட்டத்தை இட்டு, பல்லுக்குக் கனத்தையும் வடிவத்தையும் தருகின்றன. அப்புறம் புரதம் விலக, அந்த இடத்தைத் தாது நிரப்புகிறது. முற்றிய எனாமலில் எடையளவில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுதான். முதல் கட்டத்தில் தடங்கல் வந்தால் பள்ளம், இரண்டாம் கட்டத்தில் வந்தால் திட்டு. பல் முளைக்கும்போது அந்தச் செல்கள் மறைந்துவிடுவதால், விட்ட குறையைப் பிறகு உடல் நிரப்புவதில்லை.

தமிழுக்கு வருவோம். எனாமல் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் அடியில் 'உருக்குதல்' என்று பொருள்படும் ஜெர்மானிய வேர் இருக்கிறது. உலோகத்தின்மேல் உருக்கிப் பூசும் கண்ணாடிப் பூச்சின் பெயரைப் பல்லுக்கும் வைத்துவிட்டார்கள். தமிழில் 'பற்சிப்பி' (பல் + சிப்பி). என் கணக்கில் இதுவே பொருத்தமான பெயர். வெளியிலிருந்து பூசப்பட்டதாக அது காட்டவில்லை; சிப்பியின் ஓடு போலவே உயிர்ச்செல்கள் சுரந்து கட்டியது என்ற பொருள் அதில் இருக்கிறது.

இரு வகைக்கும் பொதுவாக 'எனாமல் குறைபாடு' என்று எழுதுவதில் ஒரு சிக்கல். வைட்டமின் குறைபாடு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, எனாமலே போதவில்லை என்றுதான் கேட்கும். அதனால் ஹைப்போபிளேசியாவுக்குப் 'பற்சிப்பிக் குறைவளர்ச்சி', மற்றதற்குப் 'பற்சிப்பித் தாதுக்குறை', இரண்டையும் சேர்த்துச் சொல்லப் 'பற்சிப்பி உருவாக்கக் குறைகள்' என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயரில் இவ்வளவு கறார் எதற்கு என்றால், அளவீடே அதை நம்பித்தான் நிற்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் டீன் வகுத்த பழைய அளவுகோல் ஃபுளோரைடு மிகுதியால் வரும் கறைக்கானது. காரணத்தை முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் அதில் அளக்க வேண்டும். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1982-இல் வெளியிட்ட டி.டி.இ. (பற்சிப்பி உருவாக்கக் குறைகள்) குறியீடு காரணத்தைத் தொடுவதில்லை, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பதிவு செய்கிறது. 1989-இல் கிளார்க்சன், ஓமுல்லேன் என்ற ஆய்வாளர்கள் அதை எளிமையாக்கினார்கள். எல்லை தெளிவான திட்டு, எல்லை கலங்கிய திட்டு, குறைவளர்ச்சி என்ற மூன்றும், அவற்றின் சேர்க்கைகளும் அதில் உண்டு. பல் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவா, மூன்றில் இரண்டு பங்கு வரையா, அதற்கும் மேலா என்று பரவலையும் குறிப்பார்கள். ஈரமான பல்லைப் பார்ப்பதா, உலர்த்திப் பார்ப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். உலர்ந்த பல்லில் லேசான திட்டும் பளிச்சென்று தெரியும், எண்ணிக்கை ஏறிவிடும்.

கண்ணை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தாதுக்குறையுள்ள பல் முளைத்தபின் மெல்லும் அழுத்தத்தில் உடைந்து பள்ளமாகிவிடும். குறைவளர்ச்சிப் பள்ளத்தின் விளிம்பு பொதுவாக மழுங்கி வழவழவென்றிருக்கும், உடைந்த பள்ளத்தின் விளிம்பு கூராக, ஒழுங்கற்று இருக்கும். இதைப் பிரித்தறியாமல் எண்ணினால் ஒரு வகை மற்றதன் கணக்கில் போய்ச் சேரும்.

2001-இல் புழக்கத்துக்கு வந்த எம்.ஐ.எச். என்ற பெயர், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்களிலும் பல சமயம் வெட்டுப்பற்களிலும் வரும் தாதுக்குறையைக் குறிக்கிறது. தமிழில் 'கடைவாய்–வெட்டுப்பல் தாதுக்குறை' எனலாம். இதைப் பார்க்க ஏற்ற வயது 8 என்பார்கள். அதற்குள் அந்தப் பற்கள் பெரும்பாலும் முளைத்திருக்கும், அதிகம் உடைந்திருக்காது.