நந்தி மேல் பிள்ளையை ஏற்றாதீர்கள்: விடுமுறையில் அருங்காட்சியகம் வரும் குடும்பங்களுக்கு

காணும் பொங்கலன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். எங்கள் அருங்காட்சியக முற்றத்தில் கல் சிற்பங்கள் இருக்கும் பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் கைக்குட்டையில் எதையோ ஏந்தியபடி நின்றிருந்தார். நந்தியின் இடது காது நுனி. மூன்று வயதுப் பையனை நந்தி மேல் உட்கார வைத்துப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். விழாமலிருக்க அவன் காதைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். அது எப்போதோ உடைந்து ஒட்டவைத்த காது. ஒட்டு மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை, ஓரத்துக் கல்லும் சில்லாகப் பெயர்ந்து வந்திருந்தது.

அந்த மனிதர் உண்மையிலேயே பதறிப்போயிருந்தார். “கருங்கல்லாச்சே மேடம், இத்தனூண்டு புள்ள உக்காந்தா உடையும்னு யாருக்குத் தெரியும்?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இந்த விடுமுறையில் இது மூன்றாவது சம்பவம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சிலைகளையும் ஓவியங்களையும் பழுதுபார்த்துக் காப்பது என் வேலை. அரையாண்டு விடுமுறை தொடங்கிக் காணும் பொங்கல் முடியும்வரை எங்களுக்குக் கூட்டமான காலம். குடும்பம் குடும்பமாக வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். தினமும் மாலையில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கும்போது, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கைரேகைகளும் மூக்கு பதித்த தடங்களும் இருக்கும். அதைத் துடைக்க நான் சலித்துக்கொண்டதே இல்லை. கண்ணாடியைத் தொடட்டும், அது அதற்காகத்தான் இருக்கிறது. பெட்டிக்கு வெளியே நிற்கும் சிலைகளைத் தொடுவதுதான் என் கவலை. அதுவும் பிள்ளைகள் தாமாகத் தொடுவதைவிடப் பெரியவர்கள் தொடச் சொல்வதே அதிகம்.

தடுத்தால் ஒரே பதில்தான் வரும்: “கோயில்ல பாலு, தேனு, தயிருன்னு ஊத்துறாங்க. ஆயிரம் வருஷம் தாங்கின சாமி. எம் புள்ள தொட்டா தேஞ்சிடுமா?”

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். கோயிலில் உற்சவமூர்த்தியை நீங்கள் தொடுகிறீர்களா? அர்ச்சகர் மட்டும்தானே தொடுகிறார்? இங்கே ஒரே நாளில் ஆயிரம் பேர் வருகிறார்கள். ஆளுக்கொரு விரல் வைத்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்தது, கோயில் சிலைகள் தேயவில்லை என்று யார் சொன்னது? நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகமும் புளி போட்டுத் துலக்குவதும் நடந்த திருமேனிகளில் கண், மூக்கு, உதடு மழுங்கி, பிற்காலத்தில் கண்ணை மறுபடி செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அது வழிபாட்டில் இருக்கும் தெய்வம், அதன் முறை வேறு, அதைப் பற்றி நான் பேச வரவில்லை. அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கும் செப்புத்திருமேனிகளில் பல, படையெடுப்புக் காலத்தில் புதைக்கப்பட்டு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் வயல் உழும்போதும் கிடைத்தவை. யாரும் துலக்காததால்தான் அவற்றின் முகம் இன்றும் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் மண்ணிலிருந்த உப்பு உலோகத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் திடமான சிலை, உள்ளே நோயாளி.

எங்கள் தொழிலில் அதற்கு வெண்கல நோய் என்றே பெயர். உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்துவரும், சுரண்டினால் அடியில் குழி. அப்படிப்பட்ட சிலைக்குக் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நிம்மதி. சென்னைக் காற்றிலோ பெரும்பாலான நாட்கள் 60ஐத் தாண்டும். இதோடு உங்கள் விரலின் வியர்வையும் சேர்ந்தால்? வியர்வையிலும் உப்புதானே இருக்கிறது. போன வருடம் ஒரு அம்மன் பாதத்தில் குங்குமம் வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்தியில் செய்ததுதான். குங்குமம் எடுக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. நாணயத்தின் வட்டத் தடம் இன்னும் போகவில்லை.

கல்லும் அப்படித்தான். எங்கள் நந்தியின் மூக்கு மட்டும் எண்ணெய் பூசினாற்போலக் கறுத்து மின்னும். கைகளின் எண்ணெய்ப் பசை அது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதிச் சிற்பங்கள், அதாவது ஆந்திராவின் பழைய பௌத்தத் தூபிச் சிற்பங்கள், சுண்ணாம்புக்கல், கருங்கல்லைவிட எவ்வளவோ மென்மையானவை. கரும்பு கடித்த கையோடு அவற்றின் பக்கத்தில் போகவே போகாதீர்கள்.

சரி, தொடாமல் பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்? நிறையச் செய்யலாம்.

முதலில், எல்லாக் கூடத்தையும் ஒரே நாளில் ஓடி முடிக்கும் வழக்கத்தை விடுங்கள். நான்கைந்து சிலைகள் போதும். நடராசர் முன் பிள்ளையைக் கூட்டிப்போய் உட்காருங்கள். காலடியில் கிடக்கும் முயலகன் பிள்ளையின் கண்மட்டத்தில் இருப்பான், கதை அங்கேயே தொடங்கிவிடும். சடையில் குட்டியாகக் கங்கை இருக்கிறாளா, தேடச் சொல்லுங்கள். இரண்டு காதிலும் ஒரே நகையா என்று கேளுங்கள். பல நடராசர்களில் ஒரு காதில் தோடும் மறு காதில் மகர குண்டலமுமாக இருக்கும். பீடத்தில் எதற்கு ஓட்டையும் வளையமும் என்று கேளுங்கள். ஊர்வலத்தில் தண்டு கோத்துத் தூக்கிப்போன சாமி என்று தெரிந்ததும் பிள்ளைகள் அந்தச் சிலையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் ரிஷபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனை, விடாதீர்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். கால் மாற்றி நின்று ஒரு கையை எதன்மீதோ ஊன்றியிருப்பார், அந்த ‘எது’ அங்கே இல்லை. காளை இல்லாமலேயே காளை தெரியும். பிள்ளையை அதேபோல நிற்கச் சொல்லுங்கள், அப்பா காளையாக இருக்கட்டும். இதைச் செய்த பிள்ளை அந்தச் சிலையை மறக்காது.

செப்புச்சிலை எப்படி வார்க்கிறார்கள் என்று காட்ட, விடுமுறையில் எங்கள் இடத்தில் ஒரு மேசை போடுகிறோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருண்டை, ஆற்று வண்டல் மண்ணில் செய்த அச்சு, வார்த்தெடுத்து இன்னும் அரம் போடாத ஒரு சிறு பிள்ளையார். இவற்றை ஆசைதீரத் தொடலாம், கவிழ்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். ஒரு சிறுமி மெழுகை மூக்கோடு வைத்துக்கொண்டு “எங்க ஆயா வீட்டு வாசனை” என்றாள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது என்று சொன்னதும், தம்பியின் கையை அவளே பிடித்து இழுத்துக்கொண்டாள். மற்ற அருங்காட்சியகங்களிலும் விடுமுறை நாட்களில் ஏதாவது பட்டறை இருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே கேளுங்கள். யாரும் கேட்பதில்லை என்றுதான் பல இடங்களில் நடத்துவதேயில்லை.

படம் வரைய நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். பேனா, ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர் வேண்டாம். பென்சில் கோடு தவறி விழுந்தாலும் எங்களால் எடுத்துவிட முடியும், மையை எடுக்க முடியாது.

ஓவியக் கூடம் இருட்டாக இருக்கிறதென்று செல்போன் டார்ச் அடிக்காதீர்கள். காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் அளவு. அதற்குமேல் படும் ஒவ்வொரு வெளிச்சமும் நிறத்தைத் தின்னும், போன நிறம் திரும்பாது. இரண்டு நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும். செல்ஃபி ஸ்டிக்கை மடக்கி வையுங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டுங்கள், திரும்பும்போது இடிப்பது பெரும்பாலும் அதுதான். ஏதாவது உடைந்தால் ஒளிக்காதீர்கள், அந்தத் தகப்பன் செய்ததுபோலத் துண்டைப் பத்திரமாக எடுத்துக் கொடுங்கள், திட்டமாட்டோம். கையிலிருந்ததால்தான் நந்தியின் காதை எங்களால் மறுபடி பொருத்த முடிந்தது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் வெள்ளிக்கிழமை வந்து ஏமாறாதீர்கள், அன்று வார விடுமுறை. கரும்பையும் முறுக்கையும் வெளியே சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.