லேப்டாப் சூடாகி அணைகிறதா? காற்று வெளிவரும் வாயில் கை வைத்துப் பாருங்கள்

மே மாதம், மதியம் இரண்டு மணி. தருமபுரியில் வெயில் 39 டிகிரியைத் தொடும் நாளில், தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த அறைக்குள் சூடு அதற்கும் மேல் இருக்கும். ஆன்லைன் விண்ணப்பம் பாதி நிரம்பியிருக்கும்போது லேப்டாப்பின் ஃபேன் இரைச்சல் போடுகிறது, திரை சட்டென்று கறுத்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. அரை மணியில் மறுபடி அணைகிறது.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் இரண்டு: கூலிங் பேட் வாங்கு, விண்டோஸை மாற்றிப் போடு. வெப்பம் எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்று பார்க்காமல் செய்யும் இந்த இரண்டுமே பெரும்பாலும் வீண் செலவு. லேப்டாப்பைத் திறக்காமலேயே, ஒரு உள்ளங்கையும் ஒரு கடிகாரமும் வைத்து அந்த இடத்தை ஓரளவு சரியாகக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வெப்பம் போகும் வழி. பிராசஸர் சிப் நகத்தளவு சிலிக்கான் துண்டு. சாதாரண லேப்டாப்பில் அது 15 வாட் அளவிலும், கேமிங் வகையில் 45 வாட்டுக்கு மேலும் மின்சாரத்தைத் தின்று, அத்தனையையும் வெப்பமாகக் கக்குகிறது. அந்த வெப்பம் சிப்பின்மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் என்ற பசை வழியாகச் செம்புத் தகட்டுக்கும், அங்கிருந்து தட்டையான செம்புக் குழாய்க்கும் போகிறது. அந்த ஹீட் பைப் திடமான கம்பி அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே சில துளி நீர் மட்டும் விட்டு மூடிய குழாய். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகி, மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாகத் திரும்ப வருகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத்தான். மறுமுனையில் மெல்லிய உலோகச் செதில்கள் வரிசையாக நிற்கின்றன. ஃபேன் ஊதும் காற்று அவற்றின் இடுக்கு வழியாகப் போய் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது.

பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களுக்கு உச்ச வரம்பு 95 முதல் 105 டிகிரி வரை. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப் திடீரென இழுத்து இழுத்து ஓடுவது இந்தக் கட்டம். அப்படியும் சூடு ஏறினால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்லி மதர்போர்டுக்குச் சமிக்ஞை போகும். கோப்பைச் சேமிக்க விண்டோஸுக்கு நேரமே கிடைக்காது. ஆக, அணைவது சிப்பைக் காப்பாற்றும் கடைசி வழி. பழுது அதற்கு முந்தைய பாதையில் எங்கோ இருக்கிறது.

குளிர்காலத்தில் நன்றாக ஓடியது கோடையில் மட்டும் ஏன் அணைகிறது? சிப்பின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைமேல் ஏறி உட்காருவது. நல்ல நிலையில் ஒரு லேப்டாப் சிப், அறையைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், டிசம்பர் இரவு அறை 18 டிகிரி என்றால் சிப் 68. தருமபுரியில் மே மதியம் அறை 40 என்றால் சிப் 90. இரண்டும் தாங்கும். இனி தூசி அடைத்து அந்த 50 என்பது 60 ஆகிவிட்டது என்று பாருங்கள்: ஓசூரில் 78, தருமபுரியில் 100. பழுது டிசம்பரிலேயே இருந்தது, வெயில்தான் அதை வெளியே காட்டியது. அதனால் பங்குனி பிறப்பதற்குள் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

இப்போது கை வைக்கும் சோதனை. கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். உயர்தர வீடியோ ஒன்றை ஓடவிட்டு, பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப்களைத் திறந்து வேலை கொடுங்கள். காற்று வெளிவரும் வாய்க்கு முன்னால் உள்ளங்கையைப் பிடியுங்கள்.

எண் 95-ஐத் தாண்டியிருக்கிறது, வரும் காற்றோ வேகமாகவும் வெதுவெதுப்பாகவும் மட்டும் இருக்கிறது என்றால், வெப்பம் செதில் வரை வந்து சேரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கலாம், செம்புத் தகடு சரியாக அமராமல் இருக்கலாம், ஹீட் பைப் செத்திருக்கலாம். காற்று கொதிக்கிறது, ஆனால் பலவீனமாக வருகிறது என்றால் வெப்பம் செதில் வரை வந்துவிட்டது, வெளியேறத்தான் வழியில்லை. அது தூசி. காற்றே வரவில்லை, ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால்கூட அசையவில்லை என்றால் ஃபேன் நின்றுவிட்டது.

கடிகாரம் இதை உறுதி செய்யும். வேலை கொடுத்த சில நொடிகளிலேயே எண் 50-லிருந்து 95-க்குத் தாவினால், சிப்புக்கும் செம்புக்கும் இடையிலேயே தடை. பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டத்தில் தடை. செம்பும் செதிலும் முழுதாகச் சூடேற அவ்வளவு நேரம் ஆவதுதான் காரணம்.

60, 65 டிகிரியில் இருக்கும்போதே அணைகிறதா? அப்படியானால் சூட்டைப் பழி சொல்லாதீர்கள். சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள், பிறகு பேட்டரியில் மட்டும். பேட்டரியில் மட்டும், 30, 40 சதவீதம் காட்டும்போதே அணைந்தால் பேட்டரி செல்கள் தளர்ந்துவிட்டன; வேலை கூடும்போது வோல்டேஜ் சரிந்து கட் ஆகிறது. ஒயரை அசைத்தால் அணைந்தால் சார்ஜிங் முனையைப் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் உடனே கழற்றக் கொடுங்கள், தீப்பிடிக்கக்கூடியது அது. நடந்தவற்றைக் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு எல்லா வகைத் திடீர் அணைப்புக்கும் வரும், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அதே கெர்னல் பவரில் 86 என்ற எண் இருந்தால் சூடுதான் காரணம்.

தூசி என்று தெரிந்தால் திறந்துதான் ஆக வேண்டும். வெளியிலிருந்து காற்று அடித்தால் பயனில்லை. ஃபேனுக்கும் செதிலுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருக்கும். வெளியே இருந்து ஊதினால் அது ஃபேனுக்குள் உருண்டு போகும். நம் பக்கத்துத் தூசி சாதாரணத் தூசியும் இல்லை. பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட் அறுத்து பாலிஷ் போடும் இடங்களுக்கு அருகில் பறக்கும் வெள்ளைப் பொடியில் குவார்ட்ஸ் இருக்கிறது; அது இரும்பைவிடக் கடினமானது. ஃபேனின் பேரிங்கில் புகுந்தால் அரைத்தே தேய்த்துவிடும், கரகர சத்தம் அதன் அடையாளம். பட்டுக்கூடு கையாளும் இடங்களில் பறக்கும் மெல்லிய இழைகள் வேறு மாதிரித் தொல்லை: செதிலில் முதலில் வலை கட்டும், மற்ற தூசியெல்லாம் அதில் சிக்கும். இப்படிப்பட்ட இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும்.

ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். அவை ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது கீபோர்டு வரை துளைத்துவிடும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள்.

ஃபேனைக் கழற்றி, படிந்த தூசியை விரலாலோ இடுக்கியாலோ எடுத்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் துடையுங்கள். காற்று அடிப்பதானால் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்; தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம்.

பேஸ்ட் மாற்றுவது இன்னும் கவனமான வேலை. செம்புத் தகடு, குழாய், செதில் எல்லாம் சேர்ந்த ஹீட் சிங்க்கில் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது 4-லிருந்து 1, மாட்டும்போது 1-லிருந்து 4. ஒவ்வொன்றையும் ஒரேயடியாக முறுக்காமல் பாதி பாதியாக முறுக்குங்கள். மூடியில்லாத சிலிக்கான் ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் மூலை உடையும். பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். சானிடைசரில் தண்ணீரும் பசையும் இருக்கும், அது ஆகாது.

புதுப் பேஸ்ட் ஒரு அரிசி மணி அளவு போதும். நீளமான சிப்புக்கு ஒரு மெல்லிய கோடு. பேஸ்ட் அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தப்புக் கணக்கு. அது காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், ஆனால் செம்பு அதைவிடப் பல பத்து மடங்கு கடத்தும். இரண்டு பரப்புகளின் நுண்ணிய பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே பேஸ்ட்டின் வேலை. மெமரி சிப்கள்மேல் ரப்பர்போல இருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால் அதே கனத்தில், 0.5 என்றால் 0.5 மில்லிமீட்டரிலேயே புதிது போடுங்கள். கனம் கூடினால் செம்புத் தகடு பிராசஸரைத் தொடாமல் தூக்கி நிற்கும். சரிசெய்து மூடிய பிறகு முன்பைவிட மோசமாகச் சூடாவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். திறந்ததும் பாதரசம்போலப் பளபளக்கும் திரவ உலோகம் தெரிந்தால் அப்படியே மூடிவிட்டு, பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். அது ஒரு துளி சிந்தினாலும் மதர்போர்டு ஷார்ட் ஆகும்.

புதுப் பேஸ்ட் போட்டும் செம்புத் தகடு கொதித்து, செதில் முனை மட்டும் ஆறிக் கிடந்தால் ஹீட் பைப்பில் நீர் போய்விட்டது. அதைப் பழுது பார்க்க முடியாது. ஹீட் சிங்க் முழுவதையும் மாற்ற வேண்டும்.

உடனே திறக்க வசதியில்லாதவர்கள் ஒன்று செய்யலாம். விண்டோஸ் பவர் அமைப்பில், பிராசஸரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பல லேப்டாப்களில் இது, சிப் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகத்தை நிறுத்திவிடும். டர்போவில் வேகத்தோடு வோல்டேஜும் ஏறுகிறது. வெப்பமோ வேகத்துக்கும், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறும். இரண்டும் 10 சதவீதம் கூடினால் வெப்பம் 33 சதவீதம் கூடுகிறது. விண்ணப்பம் நிரப்பவும் பில் போடவும் டர்போ தேவையில்லை. பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை வைத்துத் தூக்கிவிடுங்கள். மெத்தையில், மடியில் வைத்து அடிப்பக்கக் காற்று வழியை அடைக்காதீர்கள். ஈரத்துணியை அடியில் விரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபேன் அந்த ஈரத்தை உள்ளே இழுக்கும்.

எல்லாம் மாட்டியபின் அடிமூடியை நான்கு மூலை ஸ்க்ரூவோடு நிறுத்தி, அதே வீடியோ, அதே டேப்களோடு பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். மதிய வெயிலிலும் எண் 90-க்குள் நின்று, வாயில் வரும் காற்று வேகமாகவும் சூடாகவும் கையில் பட்டால் மீதி ஸ்க்ரூக்களையும் முறுக்கிவிடலாம்.