ஐப்பசியில் தெரியும் அடையாளத்தின் குணம்

புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால், கைக்கு எட்டியதை அடையாளமாகப் பக்கத்துக்குள் செருகிவிட்டு எழுந்துவிடுகிறோம். பஸ் டிக்கெட், தினசரி காலண்டரில் கிழித்த தாள், கல்யாணப் பத்திரிகை, துடைப்பத்தில் உருவிய ஈர்க்கு, தலையிலிருந்த ஹேர்பின். சித்திரை வெயிலில் இவற்றில் எதை வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தபின் அதே பக்கத்தைப் பிரித்தால்தான் எது சாது, எது பொல்லாதது என்று புரியும்.

காரணம், தாள் சும்மா கிடப்பதில்லை. அது செல்லுலோஸ் நார்களின் பின்னல். காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதும் விடுவதுமாகவே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கையில் தாளின் எடையில் ஏறக்குறைய 6, 7 சதவீதம் தண்ணீர். ஈரப்பதம் 80-ஐத் தாண்டினால் அது 10 சதவீதத்துக்கு மேலே போகும். வடகிழக்குப் பருவமழையில் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் 80 என்பது சாதாரணம். துரு, சாயம், அமிலம் எல்லாம் அந்தத் தண்ணீரில் ஏறித்தான் தாளுக்குள் போகின்றன.

மோசமானது இரும்பு: ஜெம் கிளிப், ஊக்கு, குண்டூசி, ஹேர்பின். முலாம் தேய்ந்த இடத்தில் ஈரமும் காற்றும் பட்டால் துரு. அது வெறும் பழுப்புக் கறையோடு நிற்பதில்லை. இரும்பு அயனிகள் செல்லுலோஸ் சங்கிலிகள் அறுபடுவதை வேகப்படுத்துகின்றன. சில ஆண்டுகளில் கிளிப் இருந்த வடிவத்திலேயே தாள் பொடிந்து ஓட்டையாகிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தானே கரையும். கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் ஒவ்வொன்றும் கிளிப்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

ஈர்க்கின் தொல்லை வேறு; அங்கே பிரச்சினை கனம். சாதாரணப் புத்தகத் தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர். ஈர்க்கின் அடிப்பகுதி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வரும். அதாவது 15, 20 தாள் கனத்தை ஒரே கோட்டில் திணிக்கிறோம். அதையும் முதுகை ஒட்டிச் செருகி, மேலே நாலு புத்தகத்தை அடுக்கினால், ஈர்க்கு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிவிடும்: வெளி ஓரம் அமுங்க, முதுகுப் பசை பிளக்கும். நூலால் தைத்த புத்தகம் தாங்கும். பசை மட்டும் போட்டு ஒட்டிய நாவல் தாங்காது. ஈர்க்குதான் வேண்டுமென்றால் நுனிப்பக்கத்தை நாலு அங்குலம் ஒடித்து, வெளி ஓரத்தில் வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அட்டை கனமும் விறைப்பும் சரியாக அமைந்தது. வில்லங்கம் அதன் நாலு மூலையிலும் தடவிய மஞ்சளில். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் அது ஈரத்தில் ஊறிப் பரவுவதைவிட, தூளாக உதிர்ந்து அழுத்தத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதே அதிகம். வெயில் பட்டால் வெளிறக்கூடிய நிறம்தான். மூடிய புத்தகத்துக்குள் ஏது வெயில்? மூலைகளைக் கத்தரித்துவிட்டு, அச்சு இல்லாத பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டிக்கொண்டால் போதும்.

காலண்டர் தாள் பெரும்பாலும் மலிவான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள லிக்னின், அதாவது மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள், சிதைந்து அமிலமாகும். வருடக்கணக்கில் விட்டால் பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு மஞ்சள் கட்டம் விழும். ஒரு வாரத்துக்கு ஒன்றும் ஆகாது. மிஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட் மெலிசு, அடையாளத்துக்கு நல்லது. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும் என்பதால் அதில் உள்ள விவரத்தை மட்டும் நம்பவேண்டாம். பத்து ரூபாய் நோட்டு பருத்திக் கூழில் செய்தது, லிக்னின் கிடையாது. நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தில் அதை வைப்பது உங்கள் தாராளம்.

அரச இலையைப் பச்சையாக வைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. பச்சை இலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அது தாளில் இறங்கும்போது டானின் என்ற கறைப்பொருளையும் கூட்டிக்கொண்டு இறங்கும், பின்னாலேயே பூஞ்சணம் வரும். நரம்பு மட்டும் மிஞ்சும் வலை இலை வேண்டுமென்றால், முற்றிய இலையாகப் பார்த்துப் பத்துப் பறியுங்கள், நாலைந்தாவது கிழியும். வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே கல் வைத்து, மூன்று நாலு வாரம் ஊறவிடுங்கள். நாற்றம் அடிக்கும், கொல்லையில் வைப்பது உத்தமம். பாக்டீரியாக்கள் சதையைப் பிடித்திருக்கும் பெக்டினைக் கரைக்கும். லிக்னின் ஏறிய நரம்பு அவ்வளவு சுலபத்தில் கரையாது. பிறகு இலையைத் தட்டில் விரித்து, பழைய டூத் பிரஷால் நடு நரம்பிலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் தட்டுங்கள். தேய்த்தால் கிழியும். சதை வழுக்கிக்கொண்டு வரவில்லையென்றால் இன்னும் ஊறவேண்டும் என்று அர்த்தம். கழுவி, செய்தித்தாள் மடிப்பில் பாரம் வைத்து, முதல் மூன்று நாள் தாளை மாற்றிக் காயவையுங்கள்.

மயிலிறகு குட்டி போடாது. ஆனால் அதன் நிறம் மங்காது என்பது ஏறக்குறைய உண்மை: நீலமும் பச்சையும் சாயமல்ல, இழைக்குள் ஒழுங்காக அடுக்கிய மெலனின் குச்சிகளில் ஒளி சிதறுவதால் தெரிவது. தாளுக்கும் கெடுதல் இல்லை. இறகிலுள்ள கெராட்டின் என்ற புரதத்தைத் தின்னும் பூச்சிகளுக்குத்தான் அது விருந்து.

ஓலைச்சுவடிக்காரர்கள் இந்தக் கவலையெல்லாம் படவில்லை. ஒரு துளையில் நாராசம் என்ற குச்சி, மறு துளையில் கயிறு, கயிற்று நுனியில் ஓலையைக் கத்தரித்துச் செய்த கிளிமூக்கு. ஏடு ஒழுங்கு மாறாது.

நமக்கு, பழைய வெள்ளை வேட்டியில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழித்த நாடா போதும். கரைப்பக்கம் வேண்டாம், சாயம் இறங்கும். கஞ்சி போட்டதும் வேண்டாம், மாவுச்சத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும். நன்றாகத் துவைத்துக் காய்ந்த துணியாக இருக்கட்டும்.

ஏற்கெனவே துருப்பிடித்த கிளிப் இருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். தாளும் கூடவே வரும். புத்தகத்தை மேசையில் விரித்து, கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நுழையுங்கள். ஒரு வளைவை விரலால் அமுக்கிக்கொண்டு மறு வளைவை மேலே தூக்கினால் கிளிப் கழன்றுவிடும். மிச்சத் துருப்பொடியை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி மட்டும் கூடாது.